டிராப் ஷாட்கன் பராமரிப்பு: கழட்டுறதுல இருந்து பெட்டியில வைக்கிற வரைக்கும், வரிசையா

இதுல நான் எழுதப்போறது டிராப் போட்டியில பறக்கிற களிமண் தட்டைச் சுடுற ஓவர்-அண்டர் (ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பேரல், அதாவது குழல், இருக்கிற) ஷாட்கன் பத்தி, அதுலயும் பெராட்ஸி எம்எக்ஸ்8 பத்தி, ஏன்னா என் கையில இருக்கிறது அது, வாராவாரம் கழட்டி மாட்டுறது அது. பெரெட்டா டிடி11, கிரீகாஃப் கே-80 வச்சிருக்கவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், ட்ரிகர் கழட்டுற விதம் மட்டும் மாறும், அதுக்கு உங்க துப்பாக்கியோட கையேட்டைப் பாத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கோங்க. இந்த மாதிரி விலை கொடுத்து வாங்குன துப்பாக்கி சுட்டுத் தேயறது ரொம்பக் கம்மி, பழைய கிரீஸ்ல மண்ணு ஒட்டி அது உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுத்தான் தேயும், இன்னொண்ணு அளவுக்கு மீறி ஆயில் ஊத்தி அது கட்டைக்குள்ள இறங்கி கெடும். புதுசா வர்ற பசங்க ரெண்டையும் பண்றாங்க, அக்கறையாத்தான் பண்றாங்க, வரிசை தெரியாம பண்றாங்க. அதனால வரிசைதான் இங்க முக்கியம்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

பாதி வேலையில எழுந்து போய் எதையாவது தேடினா அந்த இடைவெளியிலதான் ஒரு சின்ன பார்ட் உருண்டு கட்டிலுக்கு அடியில போகும். அதனால எல்லாத்தையும் முன்னாடியே மேசையில வச்சிடுங்க.

12 போருக்கான (போர்னா பேரலோட உள் அளவு) கிளீனிங் ராடு, கோட்டிங் போட்டதா இல்ல கார்பன் ஃபைபரா இருந்தா நல்லது. பாஸ்பர் ப்ரான்ஸ் ப்ரஷ் ஒண்ணு, சேம்பருக்குன்னு தனியா பெரிய ப்ரஷ் ஒண்ணு. இது ஏன் தனின்னா, 12 போர் பேரல் உள்விட்டம் கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர்தான், கார்ட்ரிட்ஜ் உக்கார்ற சேம்பர் 20 மில்லிமீட்டருக்கு மேல இருக்கும், பேரல் ப்ரஷ் அங்க சும்மா போய்ட்டு வரும், ஒண்ணையும் தேய்க்காது.

போர் சால்வென்ட், நல்ல கன் ஆயில், கிரீஸ் ஒரு சின்ன டப்பா. பழைய டூத் ப்ரஷ் ரெண்டு, பல் குத்துற குச்சி, காது பஞ்சு குச்சி. துணிக்கு திருப்பூர் பனியன் வேஸ்ட் நல்லா உறிஞ்சும், ஆனா நூல் பிசிறு வராத துண்டா பாத்து எடுங்க, ட்ரிகருக்குள்ள ஒரு நூல் மாட்டுனா அதை எடுக்கிறதுக்குள்ள உயிர் போய்டும். ஸ்னாப் கேப் (ட்ரிகரைச் சோதிக்கப் போடுற டம்மி கார்ட்ரிட்ஜ்) ரெண்டு. ஸ்டாக் (தோள்ல வைக்கிற கட்டை) போல்ட்டுக்கு நீளமான ஆலன் கீ, துப்பாக்கியோட பெட்டியிலயே வந்திருக்கும்.

திருப்புளி விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. கன் ஸ்க்ரூவோட பள்ளம் மெல்லிசா, நேரா வெட்டியிருக்கும். கடையில வாங்குற சாதா திருப்புளி முனை ஆப்பு மாதிரி சரிஞ்சிருக்கும், அது வழுக்கிட்டு வந்து ரிசீவர்ல (பேரலும் ஸ்டாக்கும் சேர்ற நடு இரும்புல) ஒரு கோடு போட்டா போட்டதுதான். முனை ரெண்டு பக்கமும் இணையா இருக்கிற கன்ஸ்மித் செட்டு இல்லன்னா எந்த ஸ்க்ரூவையும் தொடாதீங்க, இந்த வழிகாட்டியில சொல்ற வேலைக்கு பெருசா ஸ்க்ரூ கழட்டவே வேண்டாம்.

வீட்டுல இருக்கிற எண்ணெய் பத்தி அடிக்கடி கேக்குறாங்க. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் வெயில்ல தண்ணி மாதிரி இருக்கும், 24 டிகிரிக்கு கீழ போனா உறையும், டிசம்பர்ல டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்கு காலையில போய் நின்னா அது ட்ரிகருக்குள்ள வெண்ணெய் மாதிரி இருக்கும், நாளாக ஆக பிசினும் பிடிக்கும். டபிள்யூடி-40 தண்ணியை விரட்டுறதுக்கு மட்டும், அது லூப்ரிகன்ட் வேலைக்கு ஆகாது.

2. காலி பண்ணி, இன்னொரு தடவை காலின்னு பாத்து

துப்பாக்கியைத் திறந்து ரெண்டு சேம்பரையும் கண்ணால பாருங்க, அப்புறம் விரல் விட்டுப் பாருங்க. கார்ட்ரிட்ஜ் எதுவும் அந்த அறையிலயே இருக்கக்கூடாது, பை வேற ரூம்ல, கதவு சாத்தி. இதுல விவாதமே இல்ல.

இடமும் முக்கியம். சமையல் மேடையில, சாப்பிடுற மேசையில வேண்டாம், ப்ரைமர் (கார்ட்ரிட்ஜ் அடியில அடிபட்டுப் பத்திக்கிற பகுதி) கசடுலயும் பேரல் கசடுலயும் ஈயம் இருக்கு. ஜன்னல் திறந்து வச்சுக்கோங்க, நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் டீ. வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா அந்த துணியெல்லாம் ஒரு கவர்ல கட்டி அன்னைக்கே வெளிய போட்டுடுங்க.

3. கழட்டுற வரிசை

முதல்ல ஃபோர்எண்ட், அதாவது பேரலுக்கு அடியில கை பிடிக்கிற முன்கட்டை. லாட்ச்சை இழுத்து முன்னாடி நுனியில இருந்து கீழ இறக்குங்க. அப்புறம் டாப் லீவரைத் தள்ளி, ஒரு கையால பேரலைத் தாங்கிக்கிட்டு, ஹிஞ்ச்ல இருந்து கொக்கி கழட்டுற மாதிரி மேல தூக்குங்க. தாங்காம விட்டா பேரல் கீழ தொங்கி ஃபோர்எண்ட் அயர்ன் (முன்கட்டைக்குள்ள இருக்கிற இரும்பு) உக்கார்ற விளிம்புல இடிக்கும், அங்க ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலும் மூடும்போது உராயும்.

எம்எக்ஸ்8-ல அடுத்தது ட்ரிகர். ஹேமர் (ஃபயரிங் பின்னை அடிக்கிற சுத்தி) காக் ஆகி, அதாவது பின்னாடி இழுபட்டு நிக்கணும், சேஃப்டி பட்டனை முன்னாடி கடைசி வரைக்கும் தள்ளிக்கிட்டே ட்ரிகர் கார்டைப் பிடிச்சு கீழ இழுத்தா மொத்த செட்டும் கையில வந்துடும், ஒரு டூலும் வேண்டாம். பாத்தா ஆசையா இருக்கும், எல்லாரும் உடனே ட்ரிகரை இழுத்துப் பாப்பாங்க. அங்கதான் தப்பு. ட்ரிகர் செட் வெளிய இருக்கும்போது ஹேமரை விழ விடாதீங்க. உள்ள இருக்கும்போது ஹேமர் ஃபயரிங் பின்னுல போய் நிக்கும், வெளிய அதுக்குத் தடுப்பே இல்ல, முழு ஸ்பிரிங் வேகத்துல போய் ட்ரிகர் பிளேட்டுலயே அடிக்கும். நான் முதல் வருஷத்துல இதைப் பண்ணேன், ஒரே ஒரு தடவைதான், லீஃப் ஸ்பிரிங் (பட்டையா வளைஞ்ச ஸ்பிரிங்) ரெண்டா உடைஞ்சுது. அதோட ஹேமர் விழுந்த நிலையில செட்டு உள்ள போகவும் போகாது. போகலன்னு தட்டி ஏத்தாதீங்க, திரும்ப காக் பண்ணிட்டு மாட்டுங்க, அது எப்படின்னு தெரியலன்னா தெரிஞ்சவர்கிட்ட கொண்டு போங்க.

ட்ரிகர் ஒவ்வொரு தடவையும் கழட்டணுமான்னா வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை போதும், மழையில நனைஞ்சா அன்னைக்கே. ஃபோர்எண்ட், பேரல், ஸ்டாக்கோட சேர்ந்த ரிசீவர் (ஆக்‌ஷன்னும் சொல்வாங்க), இந்த மூணு துண்டு மட்டும் தினசரி வேலைக்குப் போதும்.

4. பேரல் உள்பக்கம்

இதை ஏன் முதல்ல பண்றோம்னா, இதுலதான் அதிக அழுக்கு வெளிய வரும், அதுல கொஞ்சம் வழிஞ்சு எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளிய தள்ளுற பார்ட்) பக்கமும் விழும். எஜெக்டரை முதல்ல துடைச்சிட்டு அப்புறம் பேரல் தேய்ச்சா துடைச்ச வேலை வீண்.

சால்வென்ட் நனைச்ச பேட்ச் (சின்னத் துணித்துண்டு) ஒண்ணை சேம்பர் பக்கத்துல இருந்து வாய் பக்கம் தள்ளுங்க. எப்பவும் இந்தத் திசைதான், அப்பதான் கசடு எஜெக்டருக்குள்ள போகாம வெளிய போகும். நனைச்சிட்டு 10 நிமிஷம் அப்படியே வச்சிடுங்க, சால்வென்ட் ஊறாம தேய்ச்சா கைதான் வலிக்கும்.

அப்புறம் ப்ரான்ஸ் ப்ரஷ். முழு நீளத்துக்கும் ஒரே வழியாத் தள்ளி, வாய் வழியா ப்ரஷ் முழுசா வெளிய வந்ததும் திரும்ப இழுங்க. நடுவுல திசை மாத்துனா கம்பி மடங்கி ப்ரஷ் ரெண்டு வாரத்துல மொட்டையாயிடும். ஆறேழு தடவை போதும்.

எங்க அதிகம் தேய்க்கணும்னா ரெண்டு இடம். சேம்பர் முடிஞ்சு பேரல் ஆரம்பிக்கிற அந்த சரிவு, ஃபோர்சிங் கோன்னு சொல்றது, அடுத்தது சோக் (பேரல் வாய்க்கிட்ட குறுகுற பகுதி) ஆரம்பிக்கிற இடம். வாட் (கார்ட்ரிட்ஜுக்குள்ள குண்டுகளைத் தாங்குற பிளாஸ்டிக் கிண்ணம்) உருகி அங்கதான் படியும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கிற பேரல்ல மங்கலா நீளக் கோடு தெரியும், சாம்பல் நிறத்துல இருந்தா ஈயம், பட்டையா மெழுகு தடவுன மாதிரி இருந்தா பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்கு அடியில ஈரம் புகுந்து உக்காந்துக்கும், மேல பாக்க சுத்தமாத்தான் தெரியும், அடியில துரு புள்ளி வைக்கும், அதுதான் இதை விடாம எடுக்கணும்னு சொல்றதுக்குக் காரணம்.

சேம்பருக்குப் பெரிய ப்ரஷ், சுத்திச் சுத்தி. சேம்பர்ல துரு வந்தா சுட்ட கேஸ் (கார்ட்ரிட்ஜோட காலிக் கூடு) ஒட்டிக்கும், எஜெக்டர் இழுத்துப் பாத்து விளிம்புல இருந்து வழுக்கிடும், ஆள் என்னடான்னா எஜெக்டர் கெட்டுப்போச்சுன்னு கன்ஸ்மித்கிட்ட ஓடுவார். முக்கால்வாசி எஜெக்டர் புகார் சேம்பர் அழுக்குதான்.

கடைசியா காஞ்ச பேட்ச், வெள்ளையா வர்ற வரைக்கும். அப்புறம் ஒரு சொட்டு ஆயில் விட்ட பேட்ச் ஒரே ஒரு தடவை. அடுத்த நாள் சுடுறதுக்கு முன்னாடி காஞ்ச துணி ஒண்ணு ஓட்டி அந்த ஆயிலை எடுத்துடுங்க, ஆயில் நிக்கிற சேம்பர்ல சுட்டா கேஸ் சேம்பர் சுவத்தைப் பிடிக்காம பின்னாடி தள்ளும், அந்தச் சுமை முழுக்க ஆக்‌ஷன் முகத்துல விழும்.

5. சோக்

கழட்டுற சோக் இருக்கிற பேரலா இருந்தா ஒவ்வொரு பயிற்சி முடிஞ்சதும் கழட்டுங்க, அன்னைக்கு நாலு ரவுண்டு சுட்டாலும் சரி ஒரு ரவுண்டு சுட்டாலும் சரி. டிராப்ல ஒரு தட்டுக்கு ரெண்டு ஷாட் அனுமதி, 25 தட்டு ரவுண்டுக்கு அதிகபட்சம் 50 கார்ட்ரிட்ஜ், ஒரு போட்டியோட 125 தட்டுக்கு 250 வரைக்கும் போகலாம். அந்த சூட்டுலயும் புகையிலயும் மரை இடுக்குல கார்பன் இறங்கி இறுகும், மூணு மாசம் கழட்டாம விட்டா கீ வளையும், சோக் வராது.

மரையை டூத் ப்ரஷ்ஷால தேய்ங்க, ஆணும் பெண்ணும் ரெண்டும். மெல்லிசா ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் போகாம இருக்கப் போடுற பசை) இல்லன்னா சூடு தாங்குற கிரீஸ், மரை மேல மட்டும். கையால திருப்பி கடைசியில கீ வச்சு லேசா இறுக்கினா போதும், முரட்டுத்தனமா இறுக்க வேண்டாம். ஒவ்வொரு ரவுண்டுக்கு நடுவுலயும் துப்பாக்கி காலியா திறந்து இருக்கும்போது சோக் லூசாகலையேன்னு பாருங்க. லூசான சோக்குக்கும் பேரலுக்கும் நடுவுல வாட் போய் இடிச்சா சோக்கும் போகும், பேரல் வாயும் பிதுங்கும். சோக் இல்லாம சும்மா ஒரு ஷாட் சுட்டுப் பாக்குறதும் அதே மாதிரி, மரை நேரா வெடிப்புக்கு முன்னாடி நிக்கும்.

ஃபிக்ஸட் சோக் வச்சிருக்கவங்களுக்கு இந்த வேலையே இல்ல.

6. எஜெக்டர், மோனோபிளாக் (பேரல் ரெண்டையும் பின்னாடி சேர்க்கிற இரும்பு), ஆக்‌ஷன் முகம்

இந்த இடத்துல கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க. புதுக்கோட்டை ரேஞ்சுல ஒரு தம்பி, துப்பாக்கி மூட மாட்டேங்குதுன்னு முழங்கால்ல வச்சு அழுத்திட்டு இருந்தாப்ல. நான் வாங்கிப் பாத்தேன். கீழ் எஜெக்டருக்கு அடியில எரியாத பவுடர், ஒரே ஒரு துணுக்கு, கேழ்வரகு அளவு கூட இல்ல. குச்சி நுனியால எடுத்ததும் கதவு மாதிரி மூடுச்சு. அந்த அளவு இறுக்கமா செஞ்ச துப்பாக்கி இது, கேழ்வரகு அளவுக்குக் கூட அதுல இடம் கிடையாது. மூடலன்னா அழுத்தாதீங்க, திறந்து பாருங்க. அழுத்தி மூடுனா அந்தத் துணுக்கு ஸ்டீல்ல பதிஞ்சு குழி வைக்கும், லாக்கும் முழுசா ஏறாது.

எஜெக்டரை வெளிய இழுத்துப் பிடிச்சு அதுக்கு அடியில, அது ஓடுற பள்ளத்துல, டூத் ப்ரஷ்ல சால்வென்ட் தொட்டு தேய்ங்க. பல் குத்துற குச்சியால மூலைகளைச் சுரண்டுங்க, ஊசி கம்பின்னு இரும்பு எதையும் விடாதீங்க. துடைச்சு முடிச்சு எஜெக்டர் காலுல ஒரு சொட்டு ஆயில், அவ்வளவுதான், இங்க கிரீஸ் வேண்டாம், பவுடர் துணுக்கைப் பிடிச்சு வச்சுக்கும்.

அடுத்து ஆக்‌ஷன் முகம், ஃபயரிங் பின் ஓட்டை ரெண்டு இருக்கிற அந்த தட்டை சுவர். அதுக்கு முன்னாடி ஸ்டாக்கை மேல பாக்குற மாதிரி, முகம் தரையைப் பாக்குற மாதிரி பிடிங்க. சால்வென்ட் ஓட்டை வழியா உள்ள இறங்காம கீழ சொட்டும். ஸ்ப்ரே கேன் வச்சு ஓட்டைக்குள்ள அடிக்கிற பழக்கம் நிறைய பேர்கிட்ட இருக்கு, அது முகத்துல இருந்த கார்பனை கரைச்சு ஃபயரிங் பின் குழாய்க்குள்ள கொண்டு போய் சேறு பண்ணி வைக்கும், அப்புறம் பின் மெதுவா போகும், ப்ரைமர் லேசா அடிபடும்.

ஓட்டையைச் சுத்தி சின்னச் சின்னக் குழி வட்டமா இருக்கான்னு பாருங்க. ப்ரைமர்ல வாயு கசிஞ்சு அரிச்ச தடம் அது. இருந்தா போட்டோ எடுத்து தேதியோட வச்சுக்கோங்க, அடுத்த மாசம் ஒப்பிட்டு வளருதான்னு பாத்து கன்ஸ்மித்கிட்ட காட்டணும்.

7. ட்ரிகர் செட்

மாசாந்திர வேலை. காய்ஞ்ச ப்ரஷ்ஷால தூசி தட்டுங்க, பிசின் மாதிரி பழைய ஆயில் இருந்தா பஞ்சு குச்சியில கொஞ்சம் சால்வென்ட் தொட்டு எடுங்க. ஸ்பிரிங் ரெண்டையும் வெளிச்சத்துல வச்சு வளைவு இருக்கிற இடத்துல மயிர் மாதிரி விரிசல் தெரியுதான்னு பாருங்க. லீஃப் ஸ்பிரிங் நல்லா வேலை செஞ்சுக்கிட்டே இருந்து ஒரு நாள் திடீர்னு உடையும், காயில் ஸ்பிரிங்னா மெல்ல மெல்ல பலம் குறையும், அதனால லீஃப் வச்சிருக்கவங்க ஸ்பேர் ஸ்பிரிங் ரெண்டு, ஃபயரிங் பின் ரெண்டு, எப்பவும் பையில வச்சிருக்கணும். வெளியூர் போட்டிக்குப் போய் 50 தட்டு முடிஞ்ச இடத்துல இது நடந்தா அங்க கடை தேட முடியாது.

ஆயில் போடுறது எப்படின்னா, ஊசி முனையில ஒரு சொட்டு எடுத்து ஹேமர் சுழல்ற அச்சுல, ட்ரிகர் அச்சுல. சியர் (ஹேமரைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி) முனைகளைத் தொடாதீங்க, ஃபைல் போடுறது கல்லுல தேய்க்கிறதுன்னு ட்ரிகரை லேசாக்குற வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அந்த முனையோட கோணம் கெட்டா மூடும்போதே ஹேமர் விழுற நிலைமை வரும், பக்கத்துல நிக்கிறது இன்னொருத்தர் பையன்.

செட்டைத் திரும்ப உள்ள விடும்போது முன்பக்க கொக்கி முதல்ல, அப்புறம் பின்பக்கம் க்ளிக்குன்னு ஏறணும். சத்தம் வரலன்னா ஏறலன்னு அர்த்தம், ட்ரிகர் கார்டை கீழ இழுத்து உறுதி பண்ணுங்க.

8. கிரீஸ்: பழசை எடுத்துட்டுத்தான் புதுசு

எனக்கு ஒரே ஒரு பத்திதான் எழுத இடம் இருக்குன்னா இதைத்தான் எழுதுவேன். புது கிரீஸை பழைய கிரீஸ் மேல வைக்காதீங்க. ரேஞ்சுல செம்மண் தூசி பறக்குது, உடைஞ்ச தட்டு பொடி பறக்குது, எல்லாம் அந்த கிரீஸ்ல ஒட்டி விரல்ல எடுத்துத் தேய்ச்சா நறநறன்னு இருக்கும். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அது ஹிஞ்சை அரைக்குது. பனியன் துணியால முழுசா துடைச்சு, ஸ்டீல் பளிச்சுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் டப்பாவைத் திறக்கணும்.

எங்கெங்க வைக்கணும்னா, ரிசீவர் உள்சுவர் ரெண்டு பக்கமும் துருத்திட்டு இருக்கிற ஹிஞ்ச் முளை, அது போய் உக்கார்ற பேரல் பக்கத்து அரை வட்ட வெட்டு, மோனோபிளாக் பக்கவாட்டுல இருக்கிற தோள்பட்டை, ரிசீவர்ல அது இறங்குற பள்ளம், லாக் வந்து பிடிக்கிற பின்பக்கக் காதுகள், அப்புறம் ரிசீவரோட உருண்டை மூக்கும் ஃபோர்எண்ட் அயர்னோட குழிஞ்ச பக்கமும். இந்தக் கடைசி இடத்தை நிறைய பேர் மறந்துடுறாங்க, ரிசீவர் மூக்குல நீலமோ நிக்கலோ உரிஞ்சு கோடு விழுந்திருந்தா அது மறந்ததோட அடையாளம்.

அளவு, ஒரு பச்சரிசி அளவு ஒரு இடத்துக்கு. விரல்ல தேய்ச்சு விட்டா ஸ்டீல் மேல ஈரப் பளபளப்பு தெரியணும், கிரீஸோட நிறம் தெரியக்கூடாது. மூடுனதும் ஓரத்துல பிதுங்கி வந்தா அதிகம், துடைச்சிடுங்க.

ஆயில் போதாதா, கிரீஸ் எதுக்குன்னு கேப்பாங்க. சுடுற நேரத்துல இந்த இடங்கள்ல வர்ற அழுத்தத்துல ஆயில் ஒதுங்கி ஓடிடும், கிரீஸ் நிக்கும். ட்ரிகர், எஜெக்டர் மாதிரி வேகமா லேசா ஓடுற இடத்துக்கு ஆயில், எடை தாங்கித் திரும்புற இடத்துக்கு கிரீஸ்.

9. கட்டை

கட்டைக்கு எதிரி அதே ஆயில்தான். துப்பாக்கியை நிமித்தி நிறுத்தி வச்சா ஆக்‌ஷன்ல இருக்கிற அதிகப்படி ஆயில் இறங்கி ஸ்டாக் தலையில, அதாவது ரிசீவரோட ஒட்டுற முகத்துல ஊறும். பழைய துப்பாக்கி ஒண்ணை நாங்க ஸ்டாக் கழட்டிப் பாத்தப்போ அந்த இடம் கருப்பா, நகத்தால அழுத்துனா பதியுற அளவுக்கு மெத்துன்னு இருந்துச்சு. அப்படி இளகுன வால்நட் கட்டை ரீகாயிலை (சுடும்போது பின்னாடி வர்ற உதையை) தாங்காது, ரெண்டு பக்கமும் விரிசல் ஓடும்.

அதனால ஸ்டாண்டுல வைக்கும்போது பேரல் வாய் கீழ, ஸ்டாக் மேல. வாய்க்கு அடியில ஒரு மெத்துத் துணி.

ஸ்டாக் போல்ட்டை ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. ரீகாயில் பேடுல இருக்கிற ஓட்டை வழியா ஆலன் கீ விடணும், கீயில சோப்புத் தண்ணி தடவிட்டு விட்டா ரப்பர் கிழியாது. சென்னை ஈரத்துல ஊதுன கட்டை டெல்லி குளிர்ல, பாட்டியாலா குளிர்ல சுருங்கும், போல்ட் லூசாகும், தட்டு தப்பும், நீங்க உங்க கண்ணைக் குறை சொல்லிட்டு இருப்பீங்க. இறுக்குறது பதமா, கீ நின்ன இடத்துல இருந்து ஒரு சின்ன அழுத்தம். வெறியில இறுக்குனா கட்டை பிளக்கும். அட்ஜஸ்டபிள் கோம்ப் (கன்னம் வைக்கிற, ஏத்தி இறக்குற மேல்கட்டை) இருந்தா அதோட உயரத்தை ஒரு பென்சில் கோடு போட்டு வச்சுக்கோங்க, ஸ்க்ரூ லூசாகி ஒரு மில்லிமீட்டர் இறங்குனாலும் ஷாட் விழுற இடம் மாறும்.

வெளிப்பக்கம் ஆயில் ஃபினிஷ்னா சீசனுக்கு ரெண்டு தடவை ஸ்டாக் ஆயில் ரெண்டு சொட்டு, உள்ளங்கைச் சூடு ஏறுற வரைக்கும் தேய்ச்சு, ராத்திரி விட்டு காலையில துடைச்சிடுங்க. செதுக்குன பிடி பக்கம் ஆயில் தேங்கவிடாம டூத் ப்ரஷ்ஷால எடுத்துடுங்க.

10. மாட்டி, சோதிச்சு

மாட்டுறது கழட்டுனதுக்குத் தலைகீழ். ட்ரிகர், பேரல், கடைசியா ஃபோர்எண்ட். மூடும்போது டாப் லீவரைக் கட்டை விரலால தாங்கி மெதுவா விடுங்க, படபடன்னு அடிச்சு மூடுறது சினிமாவுக்குத்தான்.

ஸ்னாப் கேப் ரெண்டு போட்டு பாதுகாப்பான திசையில ரெண்டு ஹேமரும் விழுதான்னு பாருங்க. சில துப்பாக்கியில ரெண்டாவது ஷாட்டுக்கு முதல் ஷாட்டோட ரீகாயில் வேணும், அந்த ரகம்னா நடுவுல ரீகாயில் பேடை உள்ளங்கையால ஒரு தட்டு தட்டணும், இது தெரியாம ட்ரிகர் போச்சுன்னு பதறுனவங்க நிறைய. எஜெக்டர் இருந்தா திறக்கும்போது ரெண்டு கேப்பும் ஒரே நேரத்துல, ஒரே தூரத்துக்கு வரணும், கையை குறுக்க வச்சு பிடிச்சுக்கோங்க.

டாப் லீவர் நிக்கிற இடத்தையும் பாத்து வைங்க. புதுசுல நடுக்கோட்டுக்கு வலது பக்கம் நிக்கும், தேய தேய நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டி இடது பக்கம் போனா லாக்கை பாக்கச் சொல்லுங்க.

11. வெளிப்பக்கமும் வைக்கிற இடமும்

வேர்வையில உப்பு இருக்கு, ப்ளூயிங் (ஸ்டீலோட நீலப் பூச்சு) மேல கைரேகை அப்படியே துருவா மாறும், கடலோர ஊர்ல ராத்திரிக்குள்ளயே. கடைசியா ஆயில் தொட்ட துணியால எல்லா ஸ்டீலையும் ஒரு வழி துடைச்சு, அதுக்கப்புறம் வெறும் கையால ஸ்டீலைத் தொடாம கட்டையைப் பிடிச்சே எடுத்து வைங்க.

இன்னொண்ணு ஏசி. ஏசி ரூம்ல இருந்து, ஏசி கார்ல இருந்து நேரா வெளிய எடுத்தா பேரல் மேல கண்ணாடி டம்ளர்ல வேர்க்கிற மாதிரி வேர்க்கும், உள்பக்கமும் வேர்க்கும். பெட்டியை மூடி வெளிய வச்சு அரை மணி நேரம் கழிச்சு திறங்க.

துணி உறையில, ஸ்பான்ஜ் பெட்டியில மாசக்கணக்குல வைக்காதீங்க, ஸ்பான்ஜ் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். இரும்பு பீரோ, பூட்டு, உள்ள சிலிகா ஜெல். நிறம் மாறுற ரகமா வாங்குனா எப்ப காயவைக்கணும்னு தெரியும். சாவி எங்க இருக்குன்னு லைசென்ஸ் இருக்கிறவருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.

12. மழையில நனைஞ்சா

வீட்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ரேஞ்சுலயே துண்டால துடைச்சு, உறையில போடாம திறந்து கொண்டு வாங்க, முடியலன்னா உறையில போட்டாலும் வீட்டுக்கு வந்த அடுத்த நிமிஷம் வெளிய எடுங்க.

மேல் ரிப்புக்கும் (பேரல் மேல நீளமா ஓடுற பட்டை) பேரலுக்கும் நடுவுல, சைடு ரிப் ஜன்னல்ல தண்ணி ஒளிஞ்சுக்கும். ஹேர் ட்ரையரை கம்மி சூட்டுல வச்சு ஊதுங்க, பேரலை வாய் கீழ சாய்ச்சு. டபிள்யூடி-40 இங்க உதவும், அடிச்சு, தண்ணியை வெளிய தள்ளி, துடைச்சிட்டு, அப்புறம் கன் ஆயில். ட்ரிகரைக் கழட்டி காய வைங்க. ஸ்டாக் நனைஞ்சா வெயில்ல வைக்காதீங்க, நிழல்ல மின்விசிறிக்கு அடியில. ரிப் எல்லாம் சால்டர் வச்சு ஒட்டுனது, நடுவுல இடுக்கு இருக்கும், அதனால வெந்நீர்ல முக்குறது மாதிரி யோசனை யாராவது சொன்னா கேக்காதீங்க, இடுக்குல போன தண்ணி வெளிய வராது.

13. வருஷ சர்வீஸ்: கன்ஸ்மித்கிட்ட என்ன சொல்லணும்

சீசன் முடிஞ்சதும் வருஷத்துக்கு ஒரு தடவை கொடுத்துடுங்க. லைசென்ஸ் உள்ள ஆள்கிட்ட மட்டும், 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி ரிப்பேர் பண்றதுக்கே லைசென்ஸ் வேணும், நல்லா லேத் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார்னு பட்டறைக்குக் கொண்டு போகாதீங்க. கொடுக்கும்போது ரசீது வாங்குங்க, அதுல துப்பாக்கி நம்பர் எழுதியிருக்கணும்.

கொண்டு போறதுக்கு முன்னாடி நீங்களே ரெண்டு சோதனை பண்ணுங்க. ஃபோர்எண்ட் இல்லாம காலி துப்பாக்கியை மூடி, ஸ்டாக் பிடியை ஒரு கையில, பேரலை ஒரு கையில பிடிச்சு லேசா மேல கீழ, பக்கவாட்டுல அசைங்க. கிரீஸ் எல்லாம் துடைச்சிட்டுப் பாக்கணும், கிரீஸ் இருந்தா ஆட்டம் மறைஞ்சுடும். டொக்குன்னு ஒரு சின்ன உணர்வு கையில வந்தா ஹிஞ்ச் தேஞ்சிருக்கு. அடுத்தது, சிகரெட் தாள் அளவு மெல்லிய தாளை ஆக்‌ஷன் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவுல வச்சு மூடி இழுங்க, சுலபமா வழுக்கிட்டு வந்தா சொல்லணும். இந்தத் தேய்மானம் வந்தா பயப்பட வேண்டாம், எம்எக்ஸ்8-ல லாக்கும் ஹிஞ்ச் முளையும் மாத்துற மாதிரிதான் இருக்கு.

நான் மாசத்துக்கு ஒரு தடவை மேல் பேரல்ல சுட்ட கேஸ் ஒண்ணு, கீழ் பேரல்ல சுட்ட கேஸ் ஒண்ணு எடுத்து, மார்க்கர்ல தேதியும் மேல் கீழ்னும் எழுதி ஒரு டப்பாவுல போட்டு வைப்பேன். ஒரே பிராண்ட் கார்ட்ரிட்ஜா இருக்கணும். வருஷக் கடைசியில பன்னிரண்டு ஜோடியையும் வரிசையா நிறுத்திப் பாத்தா ப்ரைமர்ல விழுந்த குழி ஆழம் குறையுதா, நடுவுல இருந்து விலகுதா, ஓரம் கிழியுதான்னு கண்ணுக்கே தெரியும். போன வருஷம் கீழ் பேரல் குழி ஆகஸ்ட்ல இருந்து ஆழம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, ஒரு ஷாட் கூட இன்னும் மிஸ்ஃபயர் ஆகல, டப்பாவை அப்படியே கன்ஸ்மித் மேசையில வச்சேன், கீழ் ஃபயரிங் பின் முனை மழுங்கியிருந்துச்சு, மாத்திட்டார்.

சர்வீஸ் முடிஞ்சு வந்ததும் நேரா போட்டிக்குக் கொண்டு போகாதீங்க. ஒரு ரவுண்டு, 25 தட்டு, நிதானமா சுட்டுட்டு ஸ்டாக் போல்ட்டை மறுபடி பாருங்க, கழட்டி மாட்டுன கட்டை முதல் ரவுண்டுல கொஞ்சம் உக்காரும், பெரும்பாலும் கால் திருப்பு எடுத்துக்கும்.